பெருவிரல் அறுவை சிகிச்சை முடிந்து பெர்ஹெந்தியானில் ஸ்நோர்கெலிங்: போகலாமா, வேண்டாமா?

ஆயர் ஈத்தாம் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் வலது கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அடிமூட்டில் எலும்பு புடைத்துக்கொண்டு பல வருடங்களாகத் தொல்லை கொடுத்தது. செருப்புக் கடை ஏறி இறங்கியே அலுத்துப்போனேன். கடைசியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். எலும்பை வெட்டி நேராக்கி, உள்ளே திருகாணி வைத்திருக்கிறார்கள். தையல் பிரித்தாகிவிட்டது. தடித்த அடிப்பாகம் உள்ள மருத்துவக் காலணியோடு வீட்டுக்குள் நடக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் ஸ்நோர்கெலிங் (முகக்கவசமும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்ய முன்பே பதிவு செய்திருக்கிறோம். போகும்போது எனக்கு ஒன்பதாவது வாரம் நடந்துகொண்டிருக்கும். மருத்துவரிடம் கேட்டேன். "தண்ணீரில் இறங்கலாம், பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது, மேற்கொண்டு கேட்க முடியவில்லை. எதைப் பார்த்து, எப்படி நடந்துகொள்வது என்பதுதான் என் கேள்வி. மகள் முதன்முறையாகக் கடலாமை பார்க்கப் போகிறாள், அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்பவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தம்பி:

அக்கா, என் கருத்து: வேண்டாம். கால் எலும்பு முழுதாகக் கூடுவதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். நீங்கள் போகும் நேரம் அதற்கு நட்டநடுவில் இருக்கிறது. தீவில் சறுக்கி விழுந்தால் யார் தூக்குவது? ஆமைகள் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். பதிவைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

பிறை ஐயா:

தம்பி இப்படிப் பயமுறுத்த வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் காலில் புண் என்றாலே பெரியவர்கள் கடற்கரைக்கு அழைத்துப்போய் உப்புத் தண்ணீரில் நிற்கவைப்பார்கள். இரண்டொரு நாளில் புண் வறண்டுவிடும். என் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அவருக்கு அதுதான் மருந்து. கடல் தண்ணீர் உடம்புக்கு நல்லது அம்மா. தைரியமாகப் போய் வாருங்கள்.

பட்டர்வொர்த் தாதி:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை அப்படியே விட்டுவிட முடியாது, நான் புண்களுக்கு மருந்து கட்டும் வேலையில் இருப்பவள். கொதித்து ஆறிய நீரில் அளவாக உப்புக் கலந்து கழுவுவது வேறு. கடல் நீர் உயிர்கள் நிறைந்த நீர். நம்முடையதைப் போன்ற வெதுவெதுப்பான கடலில் விப்ரியோ என்ற வகைக் கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றில் விப்ரியோ வல்னிஃபிக்கஸ் என்ற ஒன்று திறந்த புண் வழியாக உள்ளே போனால், ஒரே நாளில் கால் சிவந்து வீங்கி, கருநீலக் கொப்புளம் கட்டி, உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதாகத்தான் வரும். ஆனால் நீரிழிவு, கல்லீரல் நோய், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களைப் பிடித்தால் எளிதில் விடாது. இன்னொரு கிருமி இருக்கிறது, மைக்கோபாக்டீரியம் மரினம். அது அவசரப்படாது. பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, தழும்பின் மேல் சிறு கட்டியாக எழும்பும். யாருக்கும் கடல் நினைவுக்கே வராது.

ஆகவே வாசகி, எத்தனையாவது வாரம் என்பதை நான் கேட்கப்போவதில்லை. தோல் முழுதாக மூடிவிட்டதா? பொருக்கு எங்காவது ஒட்டியிருக்கிறதா? கசிவு உண்டா? விரலிலிருந்து கம்பி ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா? இவற்றைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். அது குளியலறைத் தூறலுக்குத் தாங்கும். கடலில் காலை அசைக்க அசைக்க ஓரம் கிளம்பி, உள்ளே போன நீர் அங்கேயே தேங்கிப் புண்ணை ஊறவைக்கும். அதை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி:

நன்றி அக்கா. சர்க்கரை இல்லை, போன மாதம்கூடச் சோதித்தார்கள். கம்பி எதுவும் வெளியே இல்லை. தழும்பு மூடியிருக்கிறது, ஆனால் விரல் பக்கமுள்ள முனையில் மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஆனால் பாதம் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. கார் ஓட்டப்போவது கணவர்.

பட்டர்வொர்த் தாதி:

அந்த மிளகளவுப் பொருக்குதான் உங்கள் பயணத்தை முடிவு செய்யும். பொருக்குக்கு அடியில் தோல் இன்னும் வளரவில்லை என்று பொருள். பிய்க்காதீர்கள், அது தானாக உதிர வேண்டும். உதிர்ந்த இடத்தில் காய்ந்த, இளஞ்சிவப்பான தோல் தெரிய வேண்டும். புறப்படும் நாள்வரை அது உதிரவில்லை என்றால் கடலில் கால் வைக்காதீர்கள், முழங்கால் அளவு நீரில்கூட வேண்டாம். வீக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் வீக்கம் வந்து போகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

செந்தூல் பிசியோ:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். கால் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. தாதி அக்கா தோலைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தோல் ஆறிவிட்டது என்று வைத்துக்கொண்டு எலும்பைப் பற்றிப் பேசுகிறேன்.

தண்ணீரில் மிதப்பது உங்கள் காலுக்குக் கெடுதல் அல்ல. இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் சுமார் பாதிதான் காலில் இறங்கும், மார்பளவில் அதைவிடவும் குறையும். இதனால்தான் நாங்களே நோயாளிகளைக் குளத்தில் நடக்கவைக்கிறோம். முகத்தைத் தண்ணீரில் வைத்து, மிதவைச் சட்டையோடு மிதப்பதில் பெருவிரலுக்கு ஏறக்குறைய எந்த வேலையும் இல்லை.

வேலை வருவது தண்ணீருக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும்தான். படகின் ஏணியை நினைத்துப் பாருங்கள். உருண்டையான இரும்புக் கம்பி, நனைந்து வழுக்கும், அலையில் படகு எழுந்து விழும். சாதாரணமாக எல்லோரும் கம்பியில் முன்பாதத்தை ஊன்றி, பெருவிரல் மூட்டை மடக்கி உந்தித்தான் ஏறுவார்கள். வெட்டி ஒட்டிய எலும்பில் உடம்பின் முழு எடையும் நெம்புகோல் போட்டதுபோல் விழும் இடம் அது. உங்களுக்கு வெட்டியது அந்த எலும்பைத்தான். ஏணியில் ஏறத்தான் வேண்டும் என்றால் கம்பி பாதத்தின் நடுக்குழிவில் படட்டும், விரல்பக்கம் வேண்டாம். எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோயுற்ற கால் முதலில். படகிலிருந்து குதிப்பது கூடவே கூடாது.

காலில் மாட்டும் துடுப்பு வேண்டாம். முழுப்பாதத்தையும் கவ்வும் ரப்பர் வகை நேராகத் தழும்பின் மேல் அழுத்தும். அதன் நீளத் தகடு தண்ணீரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் முன்பாதம் வளையும். தவளைபோல் காலை விரித்து உதைக்கும் நீச்சலையும் ஒதுக்கிவையுங்கள். இடுப்பிலிருந்து மெதுவாக, கால் நேராக, சின்னச் சின்ன உதையாக இருக்கட்டும்.

பினாங்கில் அடுக்குமாடியில் இருக்கிறீர்கள் என்றால் குளம் இருக்கும். பொருக்கு உதிர்ந்த பிறகு அங்கே சோதித்துப் பாருங்கள். சுவரைக் காலால் உதைத்துக் கிளம்பாதீர்கள், கையால் தள்ளிக் கிளம்புங்கள். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அன்று தெரியாத குறை மறுநாள் தெரியும்.

மருத்துவரிடம் மீண்டும் போகும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டதா, நான் சாதாரணச் செருப்பில் எடை வைத்து நடக்கலாமா?" அதற்கு ஆம் என்று பதில் வராதவரை மணலில் நடப்பதைக்கூட நான் அனுமதிக்க மாட்டேன். மணல் மென்மையானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வோர் அடியிலும் முன்பாதம் புதைந்து, விரலால் உந்தித்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

முன்னாள் தீவு வழிகாட்டி:

இப்போது பிரிக்பீல்ட்ஸில் கடை நடத்துகிறேன். இளம் வயதில் கிழக்குக் கரைத் தீவுகளில் ஸ்நோர்கெலிங் வழிகாட்டியாக இருந்தவன். செந்தூல் நண்பர் ஏணியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் பார்த்தவரையில் கால் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தண்ணீருக்குள் அடிபடவில்லை. படகில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

கோலா பெசுட்டிலிருந்து தீவுக்கு விசைப்படகில் அரைமணி முதல் முக்கால் மணி நேரம். கடல் கொஞ்சம் எழுந்திருந்தால் படகின் மூக்கு தூக்கித் தூக்கி அடிக்கும். முன்னால் உட்கார்ந்தால் அந்த அடி முழுவதும் முதுகிலும் காலிலும் இறங்கும். பின்பக்கம், இயந்திரத்துக்கு அருகில் உட்காருங்கள். காலைத் தரையில் அழுத்தி ஊன்றாமல், பையின் மேல் குதிகாலை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காலைப் படகு, மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று கூடும்.

அடுத்தது இறங்குமிடம். சில கடற்கரைகளில் ஜெட்டி (படகுத்துறை மேடை) கிடையாது. பெரிய படகிலிருந்து சிறிய படகுக்கு மாறி, அதிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டும். தங்கும் விடுதியை இன்றே தொலைபேசியில் அழைத்து, ஜெட்டி இருக்கிறதா, அங்கிருந்து அறைக்கு எத்தனை படி என்று கேளுங்கள். மலைச்சரிவில் கட்டிய அறையாக இருந்தால் கீழ்வரிசை அறையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருவார்கள்.

படகில் ஏற்றி நான்கைந்து இடம் காட்டும் சுற்றுலாவுக்கு நீங்கள் போகாதீர்கள். ஒவ்வோர் இடத்திலும் ஏணி. சுறா முனை போன்ற இடங்களில் நீரோட்டமும் இருக்கும், துடுப்பில்லாமல் ஒற்றைக்காலால் உதைத்து அதை எதிர்க்க முடியாது. பிள்ளைகளைக் கணவர் அழைத்துப் போகட்டும். நீங்கள் கரையிலிருந்து இறங்குங்கள். பெர்ஹெந்தியான் பெசார் என்ற பெரிய தீவில் தெலுக் பாவ் கடற்கரைக்கு எதிரே கடற்புல் வளர்ந்த இடம் இருக்கிறது, பச்சை ஆமைகள் அங்கே மேய வரும். மகளோடு ஆமை பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வழிகாட்டி ஒருவரை உங்களுக்கென்று தனியாக அமர்த்திக்கொண்டு, உயிர்காப்பு வளையம் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும், அவர் கயிற்றைப் பிடித்து இழுத்துப்போவார். நீந்தத் தெரியாத எத்தனையோ பாட்டிமார்களை நான் அப்படி இழுத்துப்போய்ப் பவளம் காட்டியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி நன்றாக நீந்தத் தெரிந்தவர்களிடம்கூட இருந்ததில்லை.

ஆமையைத் தொடக்கூடாது, அது மூச்சு வாங்க மேலே வரும் பாதையை மறிக்கக்கூடாது. மகளிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். நீங்களும் சோர்ந்தால் பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள். பவளமும் சாகும், உங்கள் காலும் கிழியும். பவளக் கீறல் சுலபத்தில் ஆறாது.

பாயான் லெப்பாஸ் தம்பி:

எல்லோரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு விடுமுறைக்கு இத்தனை முன்னேற்பாடு தேவைப்படுகிறது என்றால், அந்த விடுமுறையைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம் இல்லையா? நகரத்தில் கால் பிசகினால் அரைமணியில் மருத்துவமனை. தீவில் இரவு நேரத்தில் என்ன செய்வது?

பட்டர்வொர்த் தாதி:

தம்பியின் கேள்வி நியாயமானது. தீவுக் கிராமத்தில் அரசாங்கச் சுகாதார மருந்தகம் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் படகேறிக் கரைக்கு வந்து, ஜெர்த்தேயில் உள்ள பெசுட் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு நிபுணர் வேண்டுமென்றால் கோத்தா பாரு. ஆகவே வாசகி, காலில் சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், கொப்புளம் கண்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக "இந்தக் கால் கடல்நீரில் பட்டது" என்று சொல்லுங்கள். கொடுக்கும் மருந்தே அதனால் மாறும்.

கடலைவிட எனக்குக் கவலை தருவது பயணம். பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போவீர்கள் என்று நினைக்கிறேன். காலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகும். பின் இருக்கையில் காலை நீட்டி உட்காருங்கள், கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள். தெமெங்கோர் ஏரியில் பண்டிங் தீவு வரும்போது கட்டாயம் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு ஏறுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வலித்து இறுகினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவரானாலும், முன்பு இப்படி உறைந்த வரலாறு இருந்தாலும், புறப்படுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெலுத்தோங் மகள்:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். வாசகிக்குச் சர்க்கரை இல்லை என்பது நிம்மதி. ஆனால் இதைப் படிக்கும் நம்மவர்கள் வீட்டில் சர்க்கரை இல்லாத வீடு எது? அவர்களுக்காக எழுதுகிறேன். என் அப்பா பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தபோது சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்தது. அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து தரையில் இரத்தக் கறையைப் பார்த்து அம்மாதான் கேட்டார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தது. அந்தக் காயம் ஆற மாதங்கள் ஆயின, ஒரு விரலை இழந்தார். சர்க்கரை உள்ளவர்கள் இந்த இழையில் சொல்லும் எந்தத் துணிச்சலையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். புண் இல்லாவிட்டாலும் கடற்கரையில் காலணி போட்டுக்கொண்டே நடங்கள், அறைக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

பிறை ஐயா:

மகளே, உங்கள் அப்பா நலமாக இருக்க வேண்டும். நான் சொன்ன உப்புத் தண்ணீர் யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். தாதி சொன்னதையே கேளுங்கள். வாசகி அம்மா, கடற்கரையில் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் நீர் விளிம்பில் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முகக்கவசம் மாட்டி, அப்படியே தண்ணீருக்குள் சரிந்துவிடலாம். எழும்போதும் பிடிமானம் இருக்கும். எனக்கு முழங்கால் போன பிறகு பேரப்பிள்ளைகளோடு நான் இப்படித்தான் இறங்குகிறேன்.

செந்தூல் பிசியோ:

ஐயா சொன்ன நாற்காலி அருமையான யோசனை. இனி என் நோயாளிகளுக்கும் சொல்வேன்.

ஆயர் ஈத்தாம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. சில வாரம் கழித்து எழுதுகிறேன். பொருக்கு தானாக உதிர்ந்துவிட்டது, அடியில் தோல் காய்ந்திருக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றார். சாதாரண விளையாட்டுக் காலணியில் நடக்கலாம், ஓடவோ குதிக்கவோ கூடாது, படகு ஏணி இப்போதைக்கு வேண்டாம் என்றார். அடுக்குமாடிக் குளத்தில் மிதந்து பார்த்தேன், மறுநாள் வலி கூடவில்லை. குளத்தின் படியில் ஏறும்போதுதான் விரல் மூட்டு சுருக்கென்று இழுத்தது. நீங்கள் சொன்னது அப்போது நன்றாகப் புரிந்தது.

விடுதியில் கேட்டேன், ஜெட்டி இருக்கிறது. கீழ்வரிசை அறை தருகிறார்கள். படகுச் சுற்றுலாவுக்குக் கணவரும் மகனும் மட்டும் போகிறார்கள். நானும் மகளும் கரையிலிருந்து, வழிகாட்டியோடும் வளையத்தோடும். காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுவிட்டேன், அறுவை சிகிச்சை செய்த கால் தொடர்பான செலவை ஏற்க மாட்டார்கள் என்றார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தண்ணீருக்குள் எந்தக் காலணி போடுவது? கடையில் பார்த்த ரப்பர் காலணிகளில் என் வலது பாதம் நுழையவே இல்லை.

செந்தூல் பிசியோ:

நுழையாததில் வியப்பில்லை, சாயங்கால வீக்கத்தோடு போயிருப்பீர்கள். வாங்குவதும் அந்த நேரத்தில்தான் நல்லது, அப்போது சரியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்கும். பக்கவாட்டில் ஜிப் வைத்த, அடிப்பாகம் கெட்டியான நியோப்ரீன் (மெத்தென்ற ரப்பர்) வகையைத் தேடுங்கள், உங்கள் அளவுக்கு ஒன்றிரண்டு எண் பெரிதாக. ஜிப் தழும்பின் பக்கம் வரக்கூடாது. இழுத்து மாட்ட வேண்டிய வகை வேண்டாம், மாட்டும்போதே விரல் மடங்கும். புதிய தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும், காலணி அதையும் மறைத்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுங்கள்.

முன்னாள் தீவு வழிகாட்டி:

நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்குங்கள், வாசகி. நீர் வற்றியிருக்கும்போது பவளம் வயிற்றை உரசும் அளவுக்கு மேலே இருக்கும், காலை ஊன்ற இடம் தேடித் தடுமாறுவீர்கள். அந்த வாரத்தின் ஏற்றவற்ற நேரத்தை விடுதிக்காரர்களிடம் கேட்டு வாங்கி, வழிகாட்டியை அந்த நேரத்துக்குப் பேசிவையுங்கள். ஏற்றம் காலையில் அமையும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, படகுகள் குறைவாக இருக்கும். மகளுக்கு முகக்கவசம் அளவு பார்த்து பினாங்கிலேயே வாங்கிவிடுங்கள். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு, சின்ன முகத்தில் தண்ணீர் புகும்.